நட்சத்திரத்தை விற்றால் கோப்பை வருமா?

ரெட் சாக்ஸ் அணி ஒரு பெரிய ஆட்டக்காரரைக் கைமாற்றும்போதெல்லாம் பாஸ்டன் ரசிகர்களில் ஒரு சாரார் நோமாரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். நோமார் கார்சியாபாராவை அனுப்பினோம், மூன்றே மாதத்தில் கோப்பை வந்தது, அப்புறம் என்ன புலம்பல் என்பது அவர்கள் வாதம். 2020 பிப்ரவரியில் மூக்கி பெட்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் போனபோது இதைச் சொன்னார்கள். 2025 ஜூனில் ரஃபேல் டெவர்ஸ் சான்பிரான்சிஸ்கோ போனபோதும் சொன்னார்கள். ஆனால் அந்தச் சாட்சியை உட்காரவைத்து ஒழுங்காக விசாரித்தால், அவர் எதிர்த்தரப்புக்குத்தான் உதவுவார்.

நோமார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் அவர். உள்வட்டத்தில் அதிகப் பந்துகள் வந்து விழும் இடம் அது. 1997இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம். 1999இல் 0.357, 2000இல் 0.372 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம். பத்துக்கு மூன்று முறை அடித்து பேஸைச் சேர்ந்தாலே நல்ல பேட்டர் என்று கொண்டாடும் ஆட்டத்தில் இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இரண்டு கையுறைகளையும் மாற்றி மாற்றி இழுத்துவிட்டு, கால் நுனியைத் தட்டிக்கொண்டு நிற்பார். நியூ இங்கிலாந்தின் பள்ளிக்கூட மைதானங்களில் பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். 1918க்குப் பிறகு கோப்பையே காணாத ஊருக்கு, கோப்பை வராவிட்டாலும் இவர் இருக்கிறார் என்ற ஆறுதல் இருந்தது.

2003 குளிர்காலத்தில் நிர்வாகம் அந்த ஆறுதலையே ஏலம் போடப் பார்த்தது. மானி ராமிரெஸை டெக்சாஸுக்குக் கொடுத்து அலெக்ஸ் ரோட்ரிகஸை வாங்குவது, ஷார்ட்ஸ்டாப் இடம் நிரம்பிவிடுவதால் நோமாரைச் சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு அனுப்பி மேக்லியோ ஓர்டோன்யெஸைப் பெறுவது என்பது திட்டம். ரோட்ரிகஸின் ஒப்பந்தத் தொகையைக் குறைக்க ஆட்டக்காரர் சங்கம் சம்மதிக்கவில்லை. திட்டம் உடைந்தது. ரோட்ரிகஸ் இரண்டே மாதத்தில் நியூயார்க் யாங்கீஸுக்கே போய்ச் சேர்ந்தார். ராமிரெஸின் கதை இன்னும் வேடிக்கை. அதற்கு முன்பே, அவர் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள யாராவது இருந்தால் சும்மாவே கூட்டிப்போகலாம் என்று பாஸ்டன் அவரை மற்ற அணிகளுக்கு நீட்டியிருந்தது. ஒருவரும் கை நீட்டவில்லை. அடுத்த ஆண்டு உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

தன்னை விற்கப் பார்த்தார்கள் என்று தெரிந்த பிறகு நோமார் பழைய நோமாராக இல்லை. குதிகால் தசைநாணில் காயம் வேறு; 2004இல் இரண்டு மாதத்துக்கு மேல் ஆடவில்லை. ஜூலை 1ஆம் தேதி யாங்கீ ஸ்டேடியத்தில் 13 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டம். யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் டெரக் ஜீட்டர் ஒரு பந்தைப் பிடித்த வேகத்தில் பார்வையாளர் இருக்கைகளுக்குள் பாய்ந்து முகம் கிழிந்து எழுந்தார். அன்று நோமார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காட்சியும் ஒரே ஒளிபரப்பில் வந்ததுதான் அவருடைய கெட்ட நேரம்.

ஜூலை 31 மாலை நான்கு மணி அந்த ஆண்டின் டிரேடுக்குக் கடைசி நேரம். அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை அணி இன்னோர் அணிக்கு மாற்றிவிடலாம். விதிவிலக்கான சிலரைத் தவிர, யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. பாஸ்டன், சிகாகோ கப்ஸ், மான்ட்ரியல், மினசோட்டா என நான்கு அணிகள் சேர்ந்த ஒரு சிக்கலான கைமாற்றில் நோமார் கப்ஸுக்குப் போனார். பாஸ்டனுக்கு வந்தவர்கள் இருவர்: மான்ட்ரியலின் ஷார்ட்ஸ்டாப் ஆர்லாண்டோ கப்ரேரா, மினசோட்டாவின் முதல் பேஸ் ஆட்டக்காரர் டக் மின்கேவிச். ரெட் சாக்ஸ் அன்று மினசோட்டாவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. மின்கேவிச் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஓய்வறையிலிருந்து எதிர் ஓய்வறைக்கு நடந்தால் போதுமாக இருந்தது.

பொது மேலாளர் தியோ எப்ஸ்டீனுக்கு அப்போது வயது 30. பாஸ்டன் வானொலிகளிலும் மதுக்கடைகளிலும் அவருக்கு நடந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. ரசிகர்களின் கணக்கும் தப்பில்லை. காயத்தோடும் 0.321 அடித்துக்கொண்டிருந்தவரைக் கொடுத்து, அந்த ஆண்டு அதுவரை 0.246 மட்டுமே அடித்திருந்த கப்ரேராவை வாங்குவது காகிதத்தில் நஷ்டக் கணக்குதான்.

எப்ஸ்டீன் பார்த்த காகிதம் வேறு. அவர் அணிக்கு அடிப்பதில் பஞ்சமில்லை. தரையோடு வரும் பந்தைத் தடுப்பதில்தான் ஓட்டை. டெரக் லோ போன்ற ஒரு பிட்சரின் பிழைப்பே பேட்டரைத் தரையோடு அடிக்கவைப்பது. அப்படி உருண்டுவரும் பந்தை எடுத்து எறிய உள்வட்டத்தில் ஆள் இல்லையென்றால் அவர் திறமையாக வீசியும் பயன் இல்லை. கப்ரேராவும் மின்கேவிச்சும் 2001இல் தத்தம் லீகில் ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவர்கள். அதாவது அணியில் ஒரு குறிப்பிட்ட ஓட்டை இருந்தது; அதை அடைக்கும் ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள்; அதற்கு விலையாகக் கொடுத்தது நோமாரை. ‘நட்சத்திரத்தை விற்றதால் கோப்பை’ என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் அந்த அணி 42 வெற்றி, 18 தோல்வி. எல்லாம் இந்த டிரேடின் புண்ணியம் என்றும் சொல்லிவிட முடியாது. கர்ட் ஷில்லிங்கும் பெட்ரோ மார்ட்டினெஸும் பந்து வீசும் அணி எப்படியும் வெல்லத்தான் செய்யும்.

அதே நாளில் இன்னொரு டிரேடும் நடந்தது. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. மைனர் லீகில் ஆடிக்கொண்டிருந்த ஹென்றி ஸ்டான்லியைக் கொடுத்து டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸை வாங்கினார்கள். ராபர்ட்ஸ் பெரிய அடிகாரர் இல்லை. ஆனால் அந்த ஆண்டு டாட்ஜர்ஸுக்காக 34 முறை பேஸ் திருட (பிட்சர் பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிட) முயன்று 33 முறை வென்றிருந்தார். பாஸ்டனில் அவருக்கு வரிசையில் இடமில்லை, பெஞ்ச்தான்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு பேஸ்பால் பெஞ்சின் அருமை சட்டென்று பிடிபடாது. இங்கே வெளியே எடுத்த ஆளை அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே விட முடியாது. பட்டியலில் அப்போது 25 பேர். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பிட்சர்கள். களத்தில் இறங்கும் வரிசை போக பெஞ்சில் மிஞ்சுவது நாலைந்து பேர். ஒருவரை எடுத்துவிட்டால் அந்தச் சீட்டு கிழிந்தது. எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை எழுதிவைத்திருக்க வேண்டும், அந்த வேலை வரும்வரை அவரை வீணாக்கக் கூடாது.

ராபர்ட்ஸின் வேலை அக்டோபர் 17 நள்ளிரவை ஒட்டி வந்தது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் யாங்கீஸ் 3-0 என்று முன்னிலை; முந்தைய ஆட்டத்தில் 19-8 என்று பாஸ்டனைத் துவைத்திருந்தது. நான்காவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4-3. பந்து வீசுபவர் மரியானோ ரிவேரா. கடைசி இன்னிங்ஸை மூடுவதில் அவரை மிஞ்சியவர் யாரும் இல்லை. கெவின் மில்லார் நான்கு மோசமான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். மில்லாருக்குப் பதில் ஓட ராபர்ட்ஸை மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா இறக்கினார். எதற்கு இறக்குகிறார் என்று ஃபென்வே பார்க்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். பேட்டருக்கு வீசாமல் மூன்று முறை முதல் பேஸுக்கே எறிந்து அவரைத் திரும்பப் பாயவைத்தார். அடுத்து பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் கிளம்பிவிட்டார். யாங்கீஸ் கேட்சர் ஹோர்ஹே போசாடாவின் எறியும் நன்றாகவே வந்தது. ஜீட்டர் கையுறையை இறக்குவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸில் இருந்தது.

பில் மில்லர் நடுவே ஒரு அடி அடித்தார். ராபர்ட்ஸ் ஓடிவந்து 4-4. அடுத்து வந்தவர் மின்கேவிச். பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட்டாகி, மில்லரை நகர்த்தினார். ஜூலை 31 அன்று வந்த இருவர் ஒரே இன்னிங்ஸில் ஆளுக்கொரு சின்ன வேலை செய்துவிட்டுப் போனார்கள். 12ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். அங்கிருந்து பாஸ்டன் தோற்கவே இல்லை: அந்தத் தொடரில் மேலும் மூன்று, செயின்ட் லூயிஸுக்கு எதிரான உலகத் தொடரில் நான்கு. கப்ரேரா யாங்கீஸுக்கு எதிராக அடித்தது 0.379. ராபர்ட்ஸ் அந்த அக்டோபர் முழுக்க ஒரு முறைகூட மட்டை பிடிக்கவில்லை.

இதை வைத்து எப்ஸ்டீனை ஞானி ஆக்குவதும் சரியல்ல. போசாடாவின் எறி கண்ணிமைக்கும் நேரம் முன்னால் வந்திருந்தால் ராபர்ட்ஸ் அவுட், யாங்கீஸ் 4-0, வானொலிக்காரர்கள் இன்றுவரை நோமாரின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பார்கள். டிரேட் அப்போதும் நியாயமான டிரேடாகத்தான் இருந்திருக்கும். முடிவு எடுத்தது ஜூலையில். அன்று தெரிந்திருந்ததை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

பேட்டிங் வரிசைச் சண்டைக்கும் அதே ஆண்டில் நல்ல உதாரணம் உண்டு. இரண்டாவது பேஸில் மார்க் பெல்ஹார்ன் 177 முறை ஸ்டிரைக் அவுட் ஆனார். அந்த ஆண்டு லீகில் அதுவே அதிகம். மட்டையில் பந்து படாமலே திரும்பி நடக்கும் ஆளைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும்தான். ‘இவனை உட்காரவை, போக்கி ரீஸை இறக்கு’ என்பது ஊர்க்குரல். ரீஸின் கை அற்புதம்; மட்டை சுமார். பெல்ஹார்னின் மறுபக்கத்தை யாரும் எண்ணவில்லை: 88 முறை பொறுமையாக நின்று நடந்தே முதல் பேஸ் போயிருக்கிறார். பத்து முறை வந்தால் நான்கு முறைக்குச் சற்றே குறைவாக பேஸில் இருப்பார். அவுட் எப்படி ஆனால் என்ன, அவுட் ஒன்றுதானே? சொல்லப்போனால், தரையோடு அடித்து இரட்டை அவுட் கொடுப்பதைவிட ஸ்டிரைக் அவுட் மலிவு. ஃபிராங்கோனா அவரை ஒன்பதாவது இடத்துக்கு இறக்கினாரே தவிர உட்காரவைக்கவில்லை. யாங்கீஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம், ஏழாவது ஆட்டம், உலகத் தொடரின் முதல் ஆட்டம் என வரிசையாக மூன்றிலும் பெல்ஹார்ன் ஹோம் ரன் அடித்தார்.

பெஞ்ச் ஆட்டக்காரரின் விலையை இந்த நிர்வாகமே ஒரு முறை மறந்தது. டிம் வேக்ஃபீல்டு வீசியது நக்கில்பால். சுழலாமல் தள்ளாடித் தள்ளாடி வரும் பந்து. பேட்டருக்கு மட்டுமல்ல, பிடிக்கும் கேட்சருக்கும் அது எங்கே போகும் என்று தெரியாது. அதைப் பிடிப்பதற்கென்றே பெஞ்சில் டக் மிராபெல்லி இருந்தார். அவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று 2004லேயே பார்த்தார்கள்: யாங்கீஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் வேக்ஃபீல்டுக்கு முதல் கேட்சர் ஜேசன் வாரிடெக் நின்றார், 13ஆவது இன்னிங்ஸில் மட்டும் மூன்று பந்துகள் கைதவறின. ரன் போகாதது அதிர்ஷ்டம். அதற்குப் பிறகும் 2005 டிசம்பரில் மிராபெல்லியை சான் டியேகோவுக்குக் கொடுத்து மார்க் லொரெட்டாவை வாங்கினார்கள். நல்ல பேட்டர், நல்ல டிரேட் என்று பாராட்டு. 2006 ஏப்ரலில் புது கேட்சர் ஜோஷ் பார்டின் கையிலிருந்து நக்கில்பால் வழுக்கி வழுக்கி ஓடியது. மே 1 அன்று பார்டையும் இளம் பிட்சர் கிளா மெரிடித்தையும் கொடுத்து அதே மிராபெல்லியைத் திரும்ப வாங்கினார்கள். அன்றிரவே யாங்கீஸுடன் ஆட்டம், வீசுவது வேக்ஃபீல்டு. விமான நிலையத்திலிருந்து போலீஸ் காவலோடு விரைந்த காருக்குள்ளேயே உடை மாற்றி வந்து இறங்கினார் அவர். சான் டியேகோவில் பார்டும் மெரிடித்தும் அந்த ஆண்டு வெளுத்துக்கட்டினார்கள் என்பதால் இதை மோசமான டிரேட் என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மோசமான டிரேட் முதலாவது. இரண்டாவது அதற்குக் கட்டிய அபராதம்.

இப்போது பெட்ஸ் கணக்கு. 2018இல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர், அதே ஆண்டு கோப்பையும் வென்றவர், அனுப்பியபோது வயது 27. அவரை அனுப்பி அடைத்த ஓட்டை எது? களத்தில் எதுவும் இல்லை. சம்பளச் சுமையைக் குறைப்பதே நோக்கம். அதனால்தான் டேவிட் பிரைஸின் பெரிய ஒப்பந்தத்தையும் கூடவே கட்டி அனுப்பினார்கள். வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வோங். டவுன்ஸ் பாஸ்டனுக்கு ஆடியது 14 ஆட்டம். வெர்டுகோ பின்னால் யாங்கீஸுக்குக் கைமாறினார். பெட்ஸ் 2020லேயே டாட்ஜர்ஸுடன் உலகத் தொடர் வென்றார். அந்த அணியின் மேனேஜர் வேறு யாருமல்ல, டேவ் ராபர்ட்ஸ். 2021இல் பாஸ்டனும் லீக் இறுதித் தொடர்வரை வந்தது உண்மை. அது பெட்ஸை விற்றதால் வந்ததல்ல.

டெவர்ஸ் விவகாரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அலெக்ஸ் பிரெக்மன் வந்ததும் மூன்றாவது பேஸிலிருந்து அவரை விலக்கினார்கள். பிறகு முதல் பேஸ் ஆட்டக்காரர் டிரிஸ்டன் காசாஸ் காயம்பட்டதும் அங்கே வந்து நில்லுங்கள் என்றார்கள். அவர் மறுத்தார். உறவு முறிந்து ஜூன் 15 அன்று அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர்கள் மூன்று பிட்சர்களும் ஒரு வெளிவட்ட ஆட்டக்காரரும். எந்த முதல் பேஸுக்காகச் சண்டை மூண்டதோ அந்த முதல் பேஸில் நிற்க அந்த நால்வரில் ஒருவரும் இல்லை.