விதைநிதியின் பயனை அளத்தல்: ஒரு திறனாய்வு

மருத்துவ ஆய்வின் தொடக்கக் கட்டத்தில் வழங்கப்படும் சிறு நல்கை விதைநிதி எனப்படும். அதனைப் பெற்றோர் பின்னர் ஈட்டிய பெருநல்கைகளின் கூட்டுத்தொகையை விதைநிதியால் வகுத்து, கிடைக்கும் மடங்கினையே அதன் பயனாகக் காட்டுவது பரவலான வழக்கமாக உள்ளது. இம்மதிப்பீடு இருவகைக் குறையுடையது.

முதலாவது, காரணத்தொடர்பு நிறுவப்படுவதில்லை. திறன்மிக்கோரையே தேர்ந்து நிதியளித்தபின், அவர்தம் வெற்றியை நிதியின் விளைவு எனக் கொள்ளல் பொருந்தாது. ஜேக்கப், லெஃப்கிரென் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் வழக்கமான நல்கைகளுக்கு விண்ணப்பித்து, தேர்வு எல்லைக்குச் சற்று மேலும் கீழும் நின்றோரை அவர்கள் ஒப்பிட்டனர். நல்கை பெற்றோரின் வெளியீடுகள் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 7 விழுக்காடே மிகுந்திருந்தன. பெறாதோர் வேறு நிதியைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்திருக்கக்கூடும் என்பது இதற்கு ஒரு விளக்கமாகும். விதைநிதிக்கும் இத்தகைய ஒப்பீடு தேவை.

இரண்டாவது, நிதி உள்ளீடேயன்றி விளைவன்று. பக்ஸ்டன், ஹானி ஆகியோர் 1996இல் முன்வைத்த சட்டகம் ஆய்வின் பயன்களை அறிவு, எதிர்கால ஆய்வுத்திறன், கொள்கை, நலவாழ்வு, பொருளாதாரம் என ஐவகையாகப் பகுக்கிறது. தொடர்நிதி அவற்றுள் ஒன்றன் அறிகுறி மட்டுமே. ஒரு கருதுகோள் பிழையெனத் தொடக்கத்திலேயே காட்டி, நோயாளரைப் பயனற்ற சோதனையிலிருந்து காக்கும் ஆய்வு, மடங்குக் கணக்கில் சுழியமாகவே பதிவாகும்.

இக்கணக்கு வழக்கில் நீடிப்பின், நல்கைக்குழுக்கள் புதியோரையும் துணிந்த கருத்துகளையும் தவிர்த்து, முன்னரே பெயர்பெற்றோரை நாடும். விதைநிதியின் நோக்கமே அழியும். ஆதலின், தேர்வில் நூலிழையில் தவறியோரின் பிற்கால ஆய்வுகளும் எதிர்மறை முடிவுகளும் மதிப்பீட்டில் இடம்பெறுதல் வேண்டும்.