செஞ்சியின் அரசர்கள்: பட்டியலும் பாட்டும்

செஞ்சிக் கோட்டைக்கு இரண்டு வகைப் பழமரபு அரசர்கள் இருக்கிறார்கள். ஒரு வகையினர் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி வரிசையாக ஆண்டதாகச் சொல்லப்படும் கோன்கள். மற்றொருவர் 1714இல் 22 வயதில் களத்தில் மடிந்த ராஜா தேசிங்கு. கோன்களின் வரலாறு உரைநடையில், ஆட்சியாண்டுகளோடு, அலங்காரமில்லாமல் நம்மிடம் வந்திருக்கிறது. தேசிங்கின் கதையோ வில்லங்கமான குதிரை, காத்திருக்கும் மனைவி, கல்யாணக் கோலத்தில் போருக்கு ஓடிவரும் நண்பன் என்று கதைப்பாடலுக்குரிய எல்லாச் சரக்கோடும் வந்திருக்கிறது. முதலாவது வரலாறு, இரண்டாவது கற்பனை என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். சான்றுகளைத் தேடிப் போனால் நிலைமை தலைகீழாகிறது. வறண்ட பட்டியல் அந்தரத்தில் நிற்கிறது. பாட்டுக்குக் கீழே கெட்டியான தரை இருக்கிறது.

கோன்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திர’த்திலிருந்தும் கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி மெக்கன்சி தொகுத்த சுவடிகளிலிருந்தும் வருகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆனந்தக் கோன் மலைப் பொந்தொன்றில் புதையல் கண்டான், ஆள் சேர்த்தான், அக்கம்பக்கத்துத் தலைவர்களை வென்றான், கமலகிரியில் அரண் கட்டி அதற்கு ஆனந்தகிரி என்று தன் பெயரையே இட்டான். அதுதான் இன்றைய ராஜகிரி. அவனுக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் எதிர்மலையை அரணாக்கியதால் அது கிருஷ்ணகிரி ஆனது. அடுத்துக் கோனேரிக் கோன், கோவிந்தக் கோன் என்று வரிசை நீண்டு, கடைசியில் குறும்பர் தலைவன் கோபிலிங்கனிடம் போய்ச் சேர்கிறது. வழங்கிவரும் காலக்கணக்கு ஆனந்தக் கோனை 1190இல் தொடங்கி, முதல் நால்வருக்கும் 50, 30, 20, 20 ஆண்டுகளைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. உண்மையான அரசர்கள் இப்படிப் பத்துப் பத்தாகக் கணக்குப் பார்த்துச் சாவதில்லை.

இதற்கு எதிரில் வைக்க அந்தக் காலத்துச் சான்றுகளே இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒட்டக்கூத்தர் பாடிய விக்கிரமசோழன் உலா, சோழனுடன் வரும் தலைவர்களில் ஒருவனாகச் செஞ்சிக்குரிய காடவனைக் காட்டுகிறது. அவனுடைய ஊரை மதில் சூழ்ந்த அரணாகவும் சொல்கிறது. ஆனந்தக் கோன் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே செஞ்சியில் மதிலும் இருந்திருக்கிறது, அதற்கு உரியவனும் இருந்திருக்கிறான். அடுத்த நூற்றாண்டில், ஆனந்தக் கோன் ஆண்டதாகச் சொல்லப்படும் காலத்திலேயே, இந்த வட்டாரத்தின் பெரிய ஆள் காடவர் கோப்பெருஞ்சிங்கன். 1231இல் அவன் சோழன் மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததும், போசளர் படை வந்து மீட்டதும் திருவயிந்திரபுரம் கல்வெட்டில் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. தங்கள் காலத்தில் தங்கள் வாசலில் நடந்த இவ்வளவு பெரிய புயலில் கோன்கள் எந்தப் பக்கமும் தென்படவில்லை.

மலையின் பெயரையும் அரசனின் பெயரையும் சேர்த்துக் கட்டுவதில்தான் இப்பட்டியல் எப்படி உருவானது என்பதற்கான தடயம் இருக்கிறது. இதே வேலையை 1136ஐ ஒட்டி, கடல்களுக்கு அப்பால், மான்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி செய்தார். பிரிட்டன் அரசர்களைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூலில் ட்ராய் வழிவந்த புரூட்டஸ் நாட்டுக்குப் பெயர் தருகிறான். லட் என்ற அரசன் லண்டனுக்கும், லெயிர் லெஸ்டருக்கும் பெயர் தருகிறார்கள். ஊர்ப்பெயர் அங்கே முன்பே இருந்தது. அதிலிருந்து அரசன் பிறந்தான். பழைய பிரிட்டானிய நூலொன்றையே மொழிபெயர்த்ததாக ஜெஃப்ரி சொல்லிக்கொண்டார். அந்நூல் யார் கையிலும் சிக்கவில்லை. அதே நூற்றாண்டிலேயே நியூபர்க் வில்லியம் அவரைப் பொய்யர் என்று சாடினார். ஆனாலும் இடைவெளியில்லாத பட்டியலுக்குள்ள கவர்ச்சி பெரிது. ஆர்தர் உட்பட அந்த அரசர்கள் பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் வரலாறாகவே வாழ்ந்தார்கள்.

இப்போது பாட்டுக்கு வருவோம். தேசிங்கின் இயற்பெயர் தேஜ்சிங், புந்தேலா ராஜபுத்திரன். முகலாயர் 1698இல் செஞ்சியைப் பிடித்தபின் அதன் பொறுப்பு அவன் தந்தை சொரூப்சிங்கிடம் வந்தது. தந்தை இறந்ததும் மகன் கோட்டையைத் தன் உரிமையாகக் கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அதை ஏற்காமல் பாக்கிப் பணத்தைக் கேட்டார். 1714 அக்டோபரில் நடந்த சண்டையில் தேஜ்சிங்கும் அவன் தோழன் மகபத் கானும் இறந்தார்கள். இவையெல்லாம் பாட்டை நம்பிச் சொல்லப்படுவன அல்ல. நவாபின் புகழைப் பாட ஜஸ்வந்த் ராய் எழுதிய ‘சயீத் நாமா’ என்ற பாரசீக நூல், எதிர்த்தரப்பிலிருந்து இதே சண்டையைச் சொல்கிறது. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழியாகச் செஞ்சி வரலாற்றை வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியும், பின்னாளில் வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் ஆகியோரும் இந்த இரு தரப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பாட்டு மாற்றாததா என்று கேட்கலாம். நிறைய மாற்றியிருக்கிறது. வரிப்பாக்கித் தகராறு அதில் மானப் பிரச்சினையாகிறது. தில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையைச் சிறுவன் அடக்குகிறான். போருக்குப் போகாதே என்று சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஊர் இன்றும் சொல்கிறது. ஆனால் மிகை எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும். குதிரையிலும் சகுனத்திலும் விழுகிறதே தவிர, யார் யாரோடு மோதினார், யார் தோற்றார், யார் உடன் செத்தார் என்ற எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. தோற்றவனைப் பாட்டு ஜெயித்தவனாக்கவில்லை. நவாபும் முஸ்லிம், உயிர்த்தோழனும் முஸ்லிம் என்ற சிக்கலான உண்மையை எளிமைப்படுத்தவுமில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வடிவம் அல்ல, கேள்வி. 1801இல் கர்நாடகம் கும்பெனி கைக்கு வந்தது. நிலத்துக்கு முன்பு யார் உரியவர், அவருக்கு முன்பு யார் என்பது புதிய அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டது. நாராயண பிள்ளை எழுதியதும் கர்னல் மெக்லியாட் கேட்டதன் பேரில்தான். அப்படிக் கேட்கும்போது ‘நடுவில் யாருமில்லை’ என்ற பதில் செல்லுபடியாகாது. இடைவெளியை நிரப்பியாக வேண்டும். ஜெஃப்ரியும் தம் நூலை முதலாம் ஹென்றியின் மகன் ராபர்ட்டுக்குக் காணிக்கையாக்கினார். நார்மானியப் பிரபுக்களுக்கும் தாங்கள் கைப்பற்றிய நாட்டுக்கு ஒரு தொடர்ச்சி தேவைப்பட்டது. கதைப்பாடலைக் கேட்டவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு தலைவன் எப்படிச் சாக வேண்டும், நட்பு எதுவரை வரும் என்பதே அவர்கள் கேள்வி. அதற்கு நூறு அரசர்கள் வேண்டியதில்லை, நிஜமாகச் செத்த ஒருவன் போதும்.

கல்வெட்டில் இல்லாததால் கோன்களே இல்லை என்று சொல்லிவிடலாமா என்பது நியாயமான மறுப்பு. கால்நடைச் சமூகத்தார் கல்லில் எழுதி வைப்பது அரிது. அரசவைப் புலவரும் அவர்களைப் பாடுவதில்லை. அவர்களை நீக்குவது எழுத்தறிந்தவர்களின் வரலாற்றை மட்டும் காப்பாற்றுவதாகும் என்றும் சொல்லலாம். இதில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். செஞ்சியைச் சுற்றிய குன்றும் புதரும் மேய்ச்சலுக்கான நிலம்; இடையரும் குறும்பரும் அங்கே ஆயுதம் ஏந்திய தலைவர்களாக எழுந்ததற்கான நினைவு இம்மரபில் இருக்கலாம். ஆனால் ஒரு சமூகத்தின் நினைவைக் காக்க, கிருஷ்ணக் கோன் 1240இல் முடிசூடினான் என்ற கணக்கையும் காக்க வேண்டியதில்லை. புதையல் கதை எந்த ஆண்டுக்கும் சாட்சியல்ல. ஆனால் அதிகாரம் பிறப்பால் மட்டும் வருவதல்ல என்று ஒரு மக்கள் கூட்டம் சொல்ல விரும்பியதற்கு அது வலுவான சாட்சி.

2025இல் யுனெஸ்கோ, மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் செஞ்சியை உலக மரபிடமாக அறிவித்தது. 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்ததும், 1690களில் ராஜாராம் இங்கிருந்தே முற்றுகையைத் தாங்கியதும் உறுதியான வரலாறு. அறிவிப்புக்கு அது தகும். ஆனாலும் ஒரு கோட்டைக்கு ஓர் அரசமரபை முன்னிறுத்துவது எப்போதும் ஒரு தேர்வுதான். காடவரும் நாயக்கரும் பீஜப்பூராரும் அதில் பின்வரிசைக்குப் போகிறார்கள். ஆகவே செஞ்சியை எழுதுகிறவர்கள் எந்தப் பட்டியலிடமும் ‘இது உண்மையா’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. ‘யார் கேட்டதற்கு இது பதில்’ என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் கோன்களைப் பாடப்புத்தகத்தில் ஆண்டுகளோடு அச்சடிப்பதை நிறுத்தலாம். தேசிங்கைக் கூத்துமேடைக்கு மட்டும் உரியவன் என்று ஒதுக்குவதையும் நிறுத்தலாம்.