“படம் ஸ்லோ”

‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ எப்படி என்று வடலூரில் எங்கள் தெரு ஆண்களைக் கேட்டால் ஒரே பதில்: “படம் ஸ்லோ.” என் அண்ணன் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார். எழுந்தவர் டீ கேட்டார்.

ஜியோ பேபி 2021இல் எடுத்த மலையாளப் படம் அது. நிமிஷா சஜயன் நறுக்குகிறார், அரைக்கிறார், துடைக்கிறார், மறுநாளும் அதே. குக்கர் சோறு வேண்டாம், விறகடுப்பில் வடி என்கிறார் மாமனார். மருமகளுக்குப் படம் முழுக்கப் பெயரே இல்லை.

இங்கே 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்று வெளியூர்க்காரர்களை அழைத்துப்போய்க் காட்டுவோம். வீட்டு அடுப்பை ஒன்றரை மணி நேரம் பார்ப்பதற்குள் அண்ணனுக்கு அலுத்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா ‘ஸ்லோ’ என்று சொல்லவில்லை. “சிங்க் குழாய் ஒழுகுதுன்னு எத்தன தடவ சொல்றா, அவன் ஆள் கூட்டியாறானா பாரு” என்றார். படத்தின் கதையே அதுதான். அந்த அழுக்குத் தண்ணீர்தான் கடைசியில் ஆண்கள் மேல் விழுகிறது.

எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. அவள் வீட்டைவிட்டு வெளியேறி நடனம் கற்றுத்தருகிறாள். அக்காவுக்கு அங்கேதான் இடித்தது.

“அவளுக்கு டான்ஸ் தெரியும், போயிட்டா. எனக்கு இந்தச் சமையல விட்டா என்ன தெரியும் சொல்லு?”