களரி நடுவும் மேடை ஓரமும்: பேராதனைக் கூத்துக்களில் அண்ணாவியார்

பேராதனைக் கூத்துக்களை ஆராய்ந்தோர் தயாரிப்பாளரைப் பற்றி எழுதினர். நடிகரைப் பற்றி எழுதினர். மத்தளம் கொட்டியவரைப் பற்றி விரிவாக எழுதியோர் மிகச் சிலரே. கூத்து மரபிலே மத்தளத்துக்குரியவர் யாவர் என்பதை அறிந்தவர்க்கு இஃது ஒரு பெருங் குறையாகவே தோன்றும்.

கருநாடக இசையரங்கிலே மிருதங்கம் பக்கவாத்தியம் எனப்படும். அதனை வாசிப்பவர் எத்துணை வல்லவராயினும் பாடகரின் பக்கத்தே அமர்பவர் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகின்றது. மட்டக்களப்புக் கூத்திலே நிலைமை வேறு. மத்தளத்தை ஏந்துபவர் அண்ணாவியார். ஊர் இளைஞருக்குச் சட்டங்கொடுப்பவர் அவர். மாதக்கணக்கில் ஆட்டம் பழக்கிச் சதங்கை அணிவிப்பவரும் அவரே. களரியேற்றத்தன்று வட்டக்களரியின் நடுவிலே, சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அருகிருப்ப, விடியுமட்டும் நின்று கொட்டுவார். அவரைச் சுற்றியே கூத்தர் ஆடுவர். கூத்தரைச் சுற்றி ஊர் அமர்ந்திருக்கும். வரவாட்டத்திலே ஒருவன் சிறந்து ஆடுவானாயின் தாளக்கட்டை மேலும் நீட்டி அவனை ஆடச் செய்வார். கால் தளர்ந்தவனைக் கண்டால் விரைவிலே தீர்மானம் வைத்து அவன் மானத்தைக் காப்பார். கூத்தின் கால அளவு அவர் கையிலேயே இருந்தது. இன்ன கூத்து இன்ன அண்ணாவியாருடையது என்று ஊரார் கூறுவதும் இதனாலேயே.

இத்தகைய கலை கண்டி நகருக்கு அண்மையிலுள்ள பேராதனைக்கு வந்த வரலாறு பலரும் அறிந்ததே. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரையிலே நிலைபெற்றது. 1956இல் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அடிப்படையான சிங்கள நாடகம் என்னும் வடிவம் தமிழ்க் கூத்தின் வழிவந்தது. அதன் இசைக்கும் பயிற்சிக்கும் பலப்பிட்டியைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் மரபுவழிக் கலைஞரே துணைநின்றார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழிலே அத்தகைய முயற்சியில் இறங்கியபோது, அவரும் மரபறிந்த ஒருவரையே நாடினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பழக்க, ‘கர்ணன் போர்’ 1962இல் மேடையேறியது. மறு ஆண்டில் ‘நொண்டி நாடகம்’ வந்தது. பின்னர் சி. மௌனகுரு எழுதி, தாமே இராவணனாக நடித்த ‘இராவணேசன்’ வந்தது, அதன்பின் ‘வாலிவதை’.

இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துள் அடக்கப்பட்டது. வட்டக்களரி நீங்கிப் படச்சட்ட மேடை வந்தது. நாற்புறமும் இருந்த பார்வையாளர் ஒருபுறத்தே அமர்ந்தனர். ஆகவே நடுவில் நின்றவர் நடுவில் நிற்றல் இயலாதாயிற்று. நிற்பின் ஆடுபவரை மறைப்பார். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்குச் சென்றனர். எவரும் அவரை இகழ்ந்து ஒதுக்கவில்லை. மேடையின் அமைப்பே அவரைப் பக்கவாத்தியக்காரர் ஆக்கிவிட்டது.

இம்மாற்றத்தை இடமாற்றமாக மட்டும் கொள்வது பொருந்தாது. ஒன்றரை மணி நேரக் கூத்திலே ஒவ்வொரு தருவும் முன்னரே அளந்து வைக்கப்படும். மத்தளம் ஆட்டத்தை நடத்துவதற்குப் பதிலாக, வகுத்த திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதாகின்றது. சிறந்து ஆடுபவனுக்கு இன்னொரு சுற்றுக் கொடுப்பதற்கு அங்கே இடமில்லை. பேராதனைக் கூத்துக்களிலே ஆட்டம் செம்மையுற்றது, நடிப்புக் கூர்மையுற்றது என்பது மறுக்கொணாதது. ஆயினும் ஆடுபவனும் கொட்டுபவனும் எதிரெதிர் நின்று ஒருவரை ஒருவர் தூண்டும் அந்த வேகம் குறைந்தது. ‘இராவணேசன்’ இக்குறையை ஓரளவு வென்றது எனலாம். ஒரு பாத்திரத்தின் உள்ளப் போராட்டத்தையே மையமாகக் கொண்டமையால், அங்கே மத்தளம் அவ்வுள்ளத்தின் துடிப்பாக ஒலிக்க இடமிருந்தது.

மேலைநாட்டு மெல்லிசையுலகிலே இதற்கு மாறான பயணங்கள் உண்டு. அமெரிக்கராகிய கிளென் காம்பெல் பிறர் இசைத்தட்டுக்களுக்குக் கிற்றார் வாசித்து வந்தவர். 1964-65இல் ‘பீச் போய்ஸ்’ குழுவினரோடு ஊர்ஊராகச் சென்று வாசித்தார். அவ்வாறு ஓரத்தில் நின்றவர் பின்னர்த் தம் பெயராலேயே புகழ்பெற்றார். தமிழகத்திலே தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர்கள் தோறும் சென்ற இளையராஜா, பிற இசையமைப்பாளரிடம் கிற்றார் வாசித்திருந்து, 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக நடுவிடத்தை அடைந்தார். இவர்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நடந்தவர்கள். அண்ணாவியாரோ நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நடக்க நேர்ந்தது. அந்நடையினாலேயே கூத்து நாடறிந்த கலையாயிற்று என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு. ஊர்க்களரியைவிட்டு அகலாதிருந்த கூத்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றது. படித்தோர் நாட்டார் ஆட்டமென்று புறக்கணித்ததை அவர்தம் மக்களே சலங்கை கட்டி ஆடினர். கூத்தோடு மத்தளமும் பயணம் செய்தது. ஆயின் சென்ற இடங்களிலெல்லாம் மக்கள் அதனை ‘வித்தியானந்தன் கூத்து’ என்றே அறிந்தனர்.

இதற்காகப் பேராசிரியரைக் குறைகூறுதல் நீதியன்று. அண்ணாவிமார் மாநாடுகளைக் கூட்டி அக்கலைஞரைச் சபையறியச் சிறப்பித்தவரும், ‘அலங்காரரூபன் நாடகம்’ முதலியவற்றைப் பதிப்பித்தவரும் அவரே. குறை, நாடக விமரிசனத்தினது. அச்சிட்ட நிகழ்ச்சித் தாளை வைத்துக்கொண்டு எழுதும் விமரிசகர், மேலே உள்ள பெயரை முதலிலும் கீழே உள்ள பெயரை இறுதியிலும் எழுதுவார். சில வேளை இறுதிவரை செல்லவும் மாட்டார்.

பிற்காலத்திலே மட்டக்களப்பிற் சி. ஜெயசங்கர் முதலியோர் கூத்து மீளுருவாக்கம் என்னும் கருத்தை முன்வைத்து, கூத்தைக் களரியிலேயே வைத்து ஊராரோடு சேர்ந்து புதுக்குதல் வேண்டும் என்றனர். பேராதனை மரபினரோ மேடைக்கூத்துக்கும் தனக்கென ஓர் அழகியல் உண்டு என்பர். இவ்விவாதம் பெரும்பாலும் கதையைப் பற்றியும் கருத்தைப் பற்றியும் நிகழ்ந்தது. மத்தளம் எங்கே நிற்க வேண்டும் என்ற வினாவிலிருந்து அது தொடங்கியிருப்பின், இரு திறத்தாரும் வந்தாறுமூலைக்கே முதலிற் சென்றிருப்பர்.