நடிகையின் கதையும் தப்பிக்கும் தொழிலும்

‘பூமிகா’வுக்காக (1977) ஸ்மிதா பாட்டீல், ‘தி டர்ட்டி பிக்சரு’க்காக (2011) வித்யா பாலன், தமிழில் ‘நடிகையர் திலகம்’ என்று வந்த ‘மகாநடி’க்காக (2018) கீர்த்தி சுரேஷ். மூவருக்கும் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. மூவரும் நடித்துக் காட்டியது இன்னொரு நடிகையின் வாழ்க்கையை. எளிய வீட்டிலிருந்து வந்தாள், புகழடைந்தாள், காதலித்தாள், அடிபட்டாள் என்பதே மூன்றுக்கும் பொதுவான தடம். பேட்டி காண்பவர்களும் நடிகையிடம் இதே தடத்தில்தான் கேட்கிறார்கள். முதலில் வாய்ப்பு, பிறகு காதல், கடைசியில் எப்படித் தாங்கிக்கொண்டீர்கள்.

இவற்றில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூவரின் நடிப்பும் விருதுக்கு உரியதுதான். ‘மகாநடி’ சொல்லும் நடிகை சாவித்திரியைக் கடைசிக் காலப் புகைப்படங்களில் மட்டுமே கண்டு பரிதாபப்பட்ட ஒரு தலைமுறை, அந்தப் படத்துக்குப் பிறகு அவர் நடித்த ‘மாயா பஜாரை’த் தேடிப் பார்த்தது. தன் நோயையும் மணமுறிவையும் மறைக்காமல் பேசும் நடிகையால் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து ஒடுங்கியிருக்கும் பெண்ணுக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது. அதுவும் உண்மை.

எனக்கு வெகு காலமாக இருக்கும் மனத்தாங்கல் வேறு. காதலையும் மனத்திண்மையையும் வைத்து ஒரு நடிகையின் வாழ்க்கையைச் சொன்னால், அவளை வேலை வாங்கிய தொழில் கதையிலிருந்து நழுவிவிடுகிறது. குற்றம் ஒரு ஆணின் தலையில் விழும், இல்லையென்றால் அவளுடைய பலவீனத்தின் மேல் விழும். ஸ்டுடியோவும் சம்பளமும் வயதுக் கணக்கும் விசாரிக்கப்படுவதே இல்லை.

சாவித்திரியின் வீழ்ச்சிக்கு நாம் மனப்பாடமாகச் சொல்லும் காரணங்கள் நான்கு: ஜெமினி கணேசன், மது, சொந்தப் படம், கணக்குப் பார்க்காத கை. நான்கையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கும் அவருடைய வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. வீட்டுக்கு வெளியே ஒரு கணக்கு இருக்கிறது. 1962இல் ‘குண்டம்மா கதா’வில் என்.டி. ராமராவுக்கு ஜோடி சாவித்திரி. 1977இல் ‘அடவி ராமுடு’வில் அதே ராமராவுக்கு ஜோடியாக நடித்தவர்களில் ஒருவர் ஜெயப்பிரதா. ஜெயப்பிரதா பிறந்ததே 1962இல், ‘குண்டம்மா கதா’ வெளியான ஆண்டில். 1977இல் ராமராவுக்கு வயது 54. ஆடிப் பாடும் நாயகன். சாவித்திரி நாற்பதை ஒட்டியவர். குணச்சித்திர வேடங்களுக்குத் தள்ளப்பட்டிருந்தார். ஜெமினி கணேசன் உத்தமக் கணவராகவே வாழ்ந்திருந்தாலும், ஒரு சொட்டு மது தொண்டையில் இறங்காமல் இருந்திருந்தாலும், அந்த ஆண்டு சாவித்திரிக்குக் கதாநாயகி வேடம் கொடுக்க எந்த முதலாளியும் முன்வந்திருக்க மாட்டார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘பிராப்த’த்தை (1971) நினைத்துப் பாருங்கள். 1964இல் தான் நாயகியாக நடித்து வெற்றி கண்ட ‘மூக மனசுலு’வைத் தமிழில் தானே தயாரித்து, தானே இயக்கி, சிவாஜிக்கு ஜோடியாகத் தானே நடித்தார். இதை ஏமாளித்தனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வேடம் தருபவர்கள் குறைந்துபோன ஒரு கலைஞர் தனக்கான வேடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முயன்றார் என்றே நான் இதைப் படிக்கிறேன். அதற்கு முன்பே, 1968இல், பி. லீலாவின் இசையோடு பெண்களைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டு ‘சின்னாரி பாப்பலு’வை இயக்கியிருந்தார். ‘மகாநடி’ இதைக் காட்டாமல் விடவில்லை. ஆனால் அதன் கண் இயக்குநரின் வேலையில் தங்காமல் திருமணத்தின் விரிசலுக்கே ஓடுகிறது. ‘மாயா பஜாரி’ல் சசிரேகையின் உருவில் வந்த கடோத்கசனாக, கடோத்கசனாக நடித்த ரங்காராவின் நடையையும் மிடுக்கையும் ஓர் இளம்பெண்ணின் உடலுக்குள் கொண்டுவந்தாரே, அந்த வேலையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசலாம். நாமோ ஜெமினியைப் பற்றிப் பேசுகிறோம்.

‘பூமிகா’வையும் என்னால் விட்டுவிட முடியவில்லை. ஹன்ஸா வாட்கர் என்ற மராத்தி நடிகை தன் வாழ்க்கையைத் தானே சொல்லிய நூலிலிருந்து பிறந்த படம் அது. ஷியாம் பெனகல் அந்தக் காலத்துப் படப்பிடிப்புத் தளத்தை அவ்வளவு அக்கறையோடு கட்டி எழுப்பினார். இருந்தும் கதை நகர்வது ஒரு ஆணிடமிருந்து இன்னொரு ஆணுக்கு. வீட்டைத் தாங்குவதற்காகச் சிறுமியாக வேலைக்கு வந்தவளின் கூலி யார் கைக்குப் போனது என்பது தொடங்கி வைத்த கேள்வியாகவே நின்றுவிடுகிறது.

மனத்திண்மை என்று எதைச் சொல்கிறோம்? நடிகை பானுமதியைச் சொல்வார்கள். ‘மிஸ்ஸியம்மா’ படப்பிடிப்புக்கு வரலட்சுமி விரதத்தால் தாமதமாக வந்தவரிடம் தயாரிப்பாளர் சக்கரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பானுமதி மறுத்து வெளியேறினார். இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரிக்கு அவருடைய நாயகி வேடம் வந்தது. பானுமதியின் துணிச்சல் என்று இன்றும் மெச்சுகிறோம். துணிச்சல்தான். ஆனால் அவருக்குச் சென்னையில் சொந்தமாகப் பரணி ஸ்டுடியோ இருந்தது. 1953இலேயே ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் இயக்கியவர். அந்த வேடம் போனால் அவருக்கு அடுப்பு அணையாது. அன்று அதே தளத்தில் கூட்டத்தில் நின்ற துணை நடிகைக்கு மட்டும் நெஞ்சுரம் குறைவா? அவள் வேலையை உதறிவிட்டுப் போயிருந்தால் மறுநாள் சாப்பாட்டுக்கு யாரைக் கேட்பாள்? மனத்திண்மையைப் புகழும்போது ஸ்டுடியோ வைத்திருப்பவரையும் தினக்கூலிக்காரியையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

நடிகைகள் வேறு விதமாகவும் தங்கள் வாழ்க்கையைச் சொல்லியிருக்கிறார்கள். மலையாளத் திரைத்துறைப் பெண்களின் நிலையை ஆராய 2017இல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் முன் அவர்கள் பேசினார்கள். பாலியல் தொல்லையோடு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையும், உடை மாற்ற மறைவிடம் இல்லாததையும், கழிப்பறை இல்லாததால் படப்பிடிப்பு நாளில் தண்ணீரே குடிக்காமல் இருப்பதையும் சொன்னார்கள். 2019 ஆகஸ்டில் ‘மகாநடி’க்கு விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஹேமா குழு அறிக்கையைக் கொடுத்தது. 2024 ஆகஸ்டில்தான், பல பகுதிகள் நீக்கப்பட்டு, 233 பக்கங்களாக அது மக்கள் கைக்கு வந்தது. இறந்துபோன நடிகையின் துயரத்துக்குத் திரையரங்கில் அழுத அதே ஆண்டுகளில், உயிரோடு இருக்கும் நடிகைகள் சொன்னது பூட்டிக் கிடந்தது.

அடுத்த முறை ஒரு மூத்த நடிகையின் எதிரே ஒலிவாங்கியோடு உட்காருபவரிடம் ஒரு வேண்டுகோள். முதல் காதலைப் பிறகு கேளுங்கள். முதல் படத்துக்கு ஒப்பந்தம் எழுதினார்களா, சம்பளத்தை யார் வாங்கினார்கள், பாக்கி வைத்த பணம் வந்து சேர்ந்ததா, எந்த வருடத்தோடு கதாநாயகி வேடம் நின்றது, அந்த வருடம் உங்களோடு நடித்த நாயகனுக்கு என்ன வயது என்று கேளுங்கள்.