ஒத்துக்காரரும் லிவர்பூல் பையன்களும்

ஆட்டம் நடந்த தேதி 1966 ஏப்ரல் 6. இடம் லண்டன், அபே சாலையில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோ. ஆடியவர்கள் லிவர்பூலின் பீட்டில்ஸ். இந்தப் பத்தியில் வழக்கமாக ரன்னையும் விக்கெட்டையும்தான் அலசுவோம். இந்த வாரம் மட்டும் மூன்று நிமிடம்கூட முழுசாக ஓடாத ஒரு பாட்டு: ‘டுமாரோ நெவர் நோஸ்’. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதை எதற்கு அலச வேண்டும் என்று கேட்பவர்கள், நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மேளக்குழுவில் அவர் பெயர் மட்டும் நோட்டீஸில் வராது. நாகஸ்வரம் இன்னார், தவில் இன்னார், சிறப்புத் தவில் இன்னார், அதோடு முடிந்தது. அவர் கையில் இருப்பது விரல் வைத்து வாசிக்கத் துளை இல்லாத நீளக் குழல். மூக்கால் மூச்சை இழுத்து, கன்னத்தில் தேக்கி, சுருதி அறுந்துவிடாமல் மணிக்கணக்கில் ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருப்பார். இப்போது அந்த நாற்காலியில் பெரும்பாலும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. லிவர்பூல் பையன்கள் அன்றைக்குக் கண்டுபிடித்தது இந்த ஒத்துக்காரரைத்தான்.

அதுவரை பாப் பாட்டின் ஆட்டவிதி வேறு. சி கார்டில் கிளம்ப வேண்டும், எஃப் பக்கம் போக வேண்டும், ஜி-யைத் தொட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும். கார்டு மாறினால்தான் பாட்டு நகர்வதாகக் கணக்கு. பீட்டில்ஸ் அந்த விதிக்குள் நின்று உலகத்தையே அடித்தவர்கள். இந்தப் பாட்டிலோ சி-யை விட்டு அடித்தளம் அசையவே இல்லை. தம்புரா, பேஸ் கிட்டார் இரண்டும் அங்கேயே நிற்கின்றன. மேலே அவ்வப்போது பி-ஃப்ளாட்டின் நிழல் விழுந்து மறைகிறது. நம் கணக்கில் அது கைசிகி நிஷாதம். காதுக்கு லேசாக ஹரிகாம்போதி வாடை வரும்.

மேற்கத்திய விமர்சகர்கள் இந்த ஒரே சுருதியைத்தான் பெரிய துணிச்சல் என்று அறுபது வருடமாகப் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஒரே சுருதியில் நிற்பது நமக்கு ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் தண்ணீர் தெளிப்பது மாதிரி. அதற்கெல்லாமா கைதட்டுவார்கள்? அந்த மைதானத்தில் இறங்கி என்ன ஆடினார்கள் என்பதுதான் கேள்வி. அங்கே அவர்கள் பிரமாதமாக ஆடினார்கள்.

முதலில் டிரம்ஸ். ரிங்கோ ஸ்டார் ஒரே சொற்கட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை மாற்றாமல் அடிக்கிறார். 1964 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நாட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் போட்டாரே, அந்த வகை. அந்த இன்னிங்ஸில் அவர் போட்டது 32 ஓவர், 27 மெய்டன், கொடுத்தது ஐந்தே ரன், விக்கெட் ஒன்றுகூட இல்லை. அதே இடம், அதே பந்து. பார்ப்பவருக்கு முதலில் அலுப்பாக இருக்கும், பத்தாவது ஓவரில் ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்துக்குத்தான் ரிங்கோ வாசிக்கிறார். ஒலிப்பதிவு செய்த ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது வயது 20. பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை விதிமுறையை மீறி டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ‘தொம்’ என்ற அந்த அடி நெஞ்சில் வந்து விழுவதற்கு அந்த ஸ்வெட்டருக்கும் பங்கு உண்டு.

எங்கள் தெருவில் ஒரு பழைய ஒத்துக்காரர் இருக்கிறார். போனில் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “சுருதி சுத்தமா இருக்கு தம்பி. தவுலுக்காரருக்கு வேற நடையே தெரியாதோ?” என்றார். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காது அப்படித்தான் கேட்கும். நாட்கர்னி கதையைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது ஜான் லெனனின் குரல். மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது மாதிரி கேட்க வேண்டும் என்றாராம். தன்னைக் கயிற்றில் கட்டி மைக்கைச் சுற்றிச் சுழற்றினால் என்ன என்றும் யோசனை சொன்னாராம். செடல் மரம் பார்த்தவர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றாது. எமெரிக் ஆளைச் சுற்றுவதற்குப் பதில் சத்தத்தைச் சுற்றினார். ஹேமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி என்ற பெட்டிக்குள் ஒலிபெருக்கிக் குழாய் சுழன்றுகொண்டே இருக்கும். பாட்டின் பின்பாதியில் குரல் அதன் வழியாகத்தான் வருகிறது. தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினத்தின் மேலே குழாய் ஸ்பீக்கரைக் கட்டிச் சுற்றவிட்டால் எப்படி நெருங்கி, விலகி, நெளிந்து கேட்குமோ, அதேதான்.

மூன்றாவது, டேப் வளையங்கள். என்னைக் கேட்டால் ஆட்ட நாயகன் விருது இதற்குத்தான். பால் மெக்கார்ட்னி வீட்டிலேயே நாடாவை வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கிக் கொண்டுவந்தார். ஒன்றில் சிரிப்பொலி வேகமாக ஓடிக் கடற்பறவை கத்துவது மாதிரி ஆகிவிட்டது. ஏப்ரல் 7-ஆம் தேதி ஐந்து வளையங்களைத் தனித்தனி இயந்திரங்களில் மாட்டினார்கள். நாடா தளர்ந்துவிடாமல் பென்சிலில் கோத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, கட்டடம் முழுக்க ஊழியர்கள் நின்றார்கள். எல்லாச் சத்தமும் ஒரே நேரம் மிக்ஸர் பலகைக்கு வர, எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று அந்தக் கணத்தில் தீர்மானித்தார்கள். திரும்ப அதே மாதிரி செய்ய முடியாது. கற்பனை ஸ்வரம் பாடுகிறவருக்கு இது புரியும்.

இந்த மாதிரிப் பாட்டுக்குச் சைக்கடெலிக் என்று பெயர். சைக்கடெலிக் என்றாலே எல்.எஸ்.டி. போதை மருந்துக் கதையில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். லெனன் அந்த மருந்தை எடுத்தார். அதற்கு வக்காலத்து வாங்கிய திமோதி லியரி குழுவினரின் புத்தகத்தைப் படித்துத்தான் இந்த வரிகளை எழுதினார். உண்மைதான். ஆனால் போதையில் இருப்பவர் பென்சிலை நேராகப் பிடிக்க மாட்டார். அதைப் பிடித்தது தெளிந்த புத்தியோடு சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்.

இந்தப் பாட்டு இடம்பெற்ற அதே ‘ரிவால்வர்’ இசைத்தட்டில் ஜார்ஜ் ஹாரிசனின் ‘லவ் யூ டூ’வும் இருக்கிறது. ஆலாபனை மாதிரி ஒரு தொடக்கம், சித்தார், தபலா. மரியாதையான முயற்சி, ஆனால் ராகம் விரிவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. சாட்சிக்கு இந்திய வாத்தியத்தை வைத்துக்கொண்டு இந்திய இசை ஆடியபோது அவர்கள் சுமார்தான். சுருதியை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் ஆட்டத்தை ஆடியபோது ஜெயித்தார்கள். 1967 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் இதே பாதையில் ஒரு இசைத்தட்டு போட்டுச் சறுக்கியதும் இதனால்தான்: சத்தம் எல்லாம் இருந்தது, காலுக்குக் கீழே களம் இல்லை. நம் பக்கம் சிம்லா சிகரெட் பெயரில் நடந்த போட்டியிலிருந்து 1970-இல் வந்த இசைத்தட்டில் சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் குழுவைக் கேட்டால், அந்த அலை இங்கே கரையொதுங்கிய சத்தம் தெரியும்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்’டை மதுரை மணி ஐயர் மேடைக்கு மேடை பாடிப் புகழ் பெற வைத்தார். பேண்டு வாத்திய நடை, வாயில் மட்டும் சரிகம. அவர் கோட்டு போட்டுக்கொள்ளவில்லை, துள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டார். பீட்டில்ஸ் சுருதியை எடுத்ததும் அதே கைவரிசை.

ஸ்கோர் அட்டையில் ஒரு குறை எழுதியாக வேண்டும். ‘ரிவால்வர்’ ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்தது. ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோவில் கேண்டில்ஸ்டிக் பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தில் பீட்டில்ஸ் தங்கள் கடைசி சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரியை ஆடினார்கள். பதினோரு பாட்டு. அதில் ‘ரிவால்வர்’ பாட்டு ஒன்றுகூட இல்லை. வலைப்பயிற்சியில் சதம் அடித்துவிட்டு, மேட்சில் பழைய ஷாட்டையே ஆடிவிட்டுப் போனார்கள். ரசிகர்கள் போட்ட கூச்சலில் ஒத்து எங்கே கேட்டிருக்கப்போகிறது?

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நம் ஒத்துக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. “அவங்களுக்கு வாசிச்ச நம்ம ஆளுங்க பேரைப் போட்டாங்களா?”

‘லவ் யூ டூ’வுக்குத் தபலா வாசித்த அனில் பகவத் பெயரை அட்டையில் போட்டார்கள் என்றேன். அடுத்த வருடம் ‘சார்ஜன்ட் பெப்பர்’ தட்டில் தில்ரூபாவும் தபலாவும் வாசித்தவர்கள் பெயரைப் போடவில்லை என்பதையும் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அங்கயுமா” என்றார்.