விளக்கடியில் ஒரு பழுப்புப் பூச்சி

அரளி இலை தின்று வளர்ந்து, பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சுவரில் வந்து உட்காரும் பெரிய அந்துப்பூச்சியைப் பார்த்து வியக்கப் பயிற்சி தேவையில்லை. மழை விட்ட இரவில் வாசல் விளக்கருகே அப்பிக்கிடக்கும் பழுப்புக் கூட்டத்தில்தான் ரசிகனுக்கு வேலை. அந்த நேரத்தில் விளக்கை அணைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நிறத்தை நம்பக் கூடாது. உட்காரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இறக்கைகளைச் சுவரோடு ஒட்ட விரித்திருந்தால் ஒரு குடும்பம், இருபுறமும் சரிய மடித்திருந்தால் இன்னொன்று. என் சுவரில் இருந்தது இரண்டாம் ரகம். முழுசாக இரண்டு சென்டிமீட்டர்கூட நீளமில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் முன்னிறக்கை திறந்துகொண்டது: சாம்பல் கலந்த பழுப்பின்மேல் ஈர்க்குச்சியால் கீறியதுபோல் வெண்கோடுகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, குறுக்கே சாய்வாக ஒரு வெளிர்பட்டை, நுனியருகே நீலச்சாம்பல் திட்டு. அந்தத் திட்டு ஆணுக்குத்தான் எடுப்பாக இருக்கும். ஒரு குப்பிக்குள் விட்டுப் பார்த்தபோது பின்னிறக்கை தெரிந்தது: ஊடுருவித் தெரியும் வெள்ளை, ஓரத்தில் மட்டும் பழுப்புக் கோடு. மேலே அத்தனை சித்திரவேலை, உள்ளே ஒன்றுமே இல்லை!

நீலகிரிக்குத் தேயிலைத் தோட்டக்காரராக வந்து பூச்சிப் பித்தரான ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். இறக்கை நரம்புகளின் ஓட்டத்தை வைத்தே இனம் பிரித்தவர் அவர். நமக்கு அந்தப் பொறுமை ஏது, படம் எடுத்து ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

விளக்கைச் சுற்றுவது மோகத்தால் அல்லவாம். வெளிச்சம் உள்ள பக்கமே வானம் என்று முதுகை அதற்குத் திருப்புவதால் பாதை வளைந்துவிடுகிறது என்று அதிவேகக் கேமராவால் படம்பிடித்த ஆய்வொன்று 2024இல் வெளிவந்தது. சுடரையும் காதலையும் வைத்துப் பாடியவர்கள் பாவம்.

என் சுவரில் இருந்த பூச்சியின் பெயர் ஸ்போடோப்டெரா லிட்டுரா. நிலக்கடலை விவசாயிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ‘புரோடீனியா தாய்ப்பூச்சி’ என்று சொல்லிவிடுவார். வரப்போரம் ஆமணக்கை நட்டு, அதில் இடும் முட்டைக் குவியல்களைத் தேடிக் கிள்ளி அழிப்பவர் அவர். குவியலைப் பழுப்பு மயிர் மூடியிருக்கும். தாய்ப்பூச்சி தன் உடல் ரோமத்தையே முட்டைகளுக்குப் போர்த்திவிட்டுப் போயிருக்கும்.